‘அஃபோர்டபிள்’: மலிவா, கட்டுபடியா?

குன்னூரில் ஒரு கூட்டத்துக்காகத் தமிழாக்கிய அறிக்கை ஒன்றைப் பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊர்களில், அங்கேயே வேலை செய்கிறவர்களுக்கு வீடு கட்டித் தருவது எப்படி, அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் பொருள். நல்ல பொருள். மேட்டுப்பாளையத்தில் குடியிருந்துகொண்டு தினமும் மலையேறி வேலைக்குப் போய் வருகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் ஆர்வமாகவே எடுத்தேன். ஆங்கிலத்தில் ‘அஃபோர்டபிள்’ வீடு என்று இருந்ததற்கு, முதல் பக்கத்திலேயே ‘மலிவு விலை வீடு’ வந்து நின்றது. மூன்றாம் பக்கத்தில், அமெரிக்காவின் ஆஸ்பென் ஊரில் பல லட்சம் டாலருக்கு விற்கப்படும் மலிவு விலை வீடுகள் பற்றி ஒரு பத்தி. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். “ஏனுங்க, இதுதான் மலிவுங்களா?” என்றார். அவருக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வேர்க்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘அஃபோர்ட்’ என்பது பழைய ஆங்கிலத்தில் முன்னெடுத்துச் செல்லுதல், செய்து முடித்தல் என்ற பொருளில் இருந்த வினை. உள்ளே இருக்கும் ‘ஃபோர்த்’துக்கு ‘முன்னே’ என்று பொருள். செய்து முடித்தல் என்பது நாளாவட்டத்தில் செய்ய முடிதல் ஆகி, அப்புறம் செலவைத் தாங்க முடிதல் ஆயிற்று. விலை குறைவு என்ற கருத்து அந்தச் சொல்லில் எங்கேயும் இல்லை. முடிகிறதா முடியவில்லையா என்பது மட்டுமே உண்டு.

நம் ‘மலிவு’ வேறு வழியில் வந்தது. ‘மலி’ என்றால் நிறைதல், மிகுதல். சங்கப் பாடல்களில் அந்தப் பொருளில்தான் வரும். சந்தையில் சரக்கு மலிந்தால் விலை இறங்கும். அதனால் இறங்கிய விலை மலிவு. தக்காளிக்கு இது பொருந்தும். ஊட்டியில் வாடகை வீடு மலிந்தா கிடக்கிறது? இல்லாத ஒன்றைப் பற்றிய அறிக்கைக்கு, நிறைந்து கிடப்பதைக் குறிக்கும் சொல்லைத் தலைப்பாக வைத்திருக்கிறார்கள்.

அது போகட்டும், வேரை எல்லாரும் மறந்துவிட்டார்கள், இன்றைய பொருளில் மலிவு என்றால் விலை குறைவு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பிழை நீங்காது. மலிவு என்பது பொருளின் குணம். கத்தரிக்காய் மலிவு என்றால் வாங்குகிறவர் யாராக இருந்தாலும் மலிவுதான். ‘அஃபோர்டபிள்’ அப்படியில்லை. அது வீட்டுக்கும் ஒருவர் பைக்கும் உள்ள கணக்கு. அமெரிக்காவின் வீட்டுவசதித் துறை இதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறது: குடும்ப வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வீட்டுச் செலவு அடங்க வேண்டும். முன்பு 25 சதவீதமாக இருந்ததை 1981இல் 30 ஆக்கினார்கள். மாதம் 18,000 ரூபாய் சம்பளத்தில் ஊட்டி லாட்ஜ் ஒன்றில் வேலை பார்க்கிறவருக்கு இந்தக் கணக்கில் 5,400 ரூபாய் வாடகை. அங்கேயே வேலை பார்க்கும் மருத்துவருக்கு அதைப்போலப் பல மடங்கு. இரண்டும் ‘அஃபோர்டபிள்’. இரண்டையும் மலிவு என்று சொல்ல முடியுமா?

நம் ஊர்ச் சட்டத்திலேயே இந்தக் கூத்து உண்டு. ஜிஎஸ்டி கணக்கில் 45 லட்சம் ரூபாய் வரைக்கும் விலையுள்ள வீடு, பெருநகரங்களில் 60 சதுர மீட்டருக்கும் மற்ற ஊர்களில் 90 சதுர மீட்டருக்கும் உட்பட்டிருந்தால், ‘அஃபோர்டபிள்’ வகையில் வரும். 2019 ஏப்ரல் முதல் அதற்கு 1 சதவீதம்தான் வரி. சரி, 45 லட்சத்தில் 9 லட்சத்தைக் கையிலிருந்து போட்டு, மீதி 36 லட்சத்தை எட்டரை சதவீத வட்டிக்கு 20 வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 31,000 ரூபாயைத் தாண்டும். 30 சதவீதக் கோட்டின்படி மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கிறவருக்குத்தான் அது சரிப்படும். இதை ‘மலிவு வீடு’ என்று விளம்பரத் தட்டியில் எழுதி அவிநாசி சாலையில் வைத்தால் ஜனம் சிரிக்காமல் என்ன செய்யும்?

மலிவுக்கு இன்னொரு கறையும் ஒட்டியிருக்கிறது. மலிவான அரசியல், மலிவான விளம்பரம் என்று சொல்லிச் சொல்லி அது தரக்குறைவுக்கு மறுபெயராகிவிட்டது. வீட்டுக்கு அந்தப் பெயரை வைத்தால், சுவர் ஊறும், கதவு பொருந்தாது என்று கேட்கிறவர் தானாக நினைத்துக்கொள்கிறார். அதில் குடியிருக்கப் போகிறவருக்கும் அது ஒரு முத்திரை.

அப்படியானால் எதைச் சொல்வது? இந்தச் சொல் நம்மிடம் வெகுநாளாகவே இருக்கிறது, தினமும் சொல்கிறோம். மேட்டுப்பாளையம் மண்டியில் மலையிலிருந்து உருளைக்கிழங்கு கொண்டுவந்தவர் சொல்வார்: “இந்த ரேட்டுக்குக் குடுத்தா எடுப்புக் கூலிக்கே கட்டுபடி ஆகாதுங்க.” திருப்பூரில் லைன் வீடு பார்க்கப் போகிற பெண் சொல்வார்: “ஆறாயிரம்னா எங்களுக்குக் கட்டுபடி ஆகாதுங்கக்கா.” கட்டுபடியாகும் வீடு. இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்தச் சொல்லின் இலக்கணத்தைப் பாருங்கள். கட்டுபடி ஆகும் என்றதும் ‘யாருக்கு?’ என்று கேட்கத் தோன்றும். எனக்கு, எங்களுக்கு, அவருக்கு என்று ஒரு ‘கு’ இல்லாமல் அது நிற்காது. மலிவுக்கு அந்தத் தேவை இல்லை. ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகிறவர்கள் பக்கம் பக்கமாக வரையறுத்து நிலைநாட்டுகிற விஷயத்தை நான்காம் வேற்றுமை இங்கே சும்மா செய்துவிடுகிறது.

கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர் மறுத்தார். “அது வியாபாரிங்க பேசறதுங்க. விக்கறவனுக்கு லாபம் வருமாங்கறதுதான் கட்டுபடி” என்றார். அவர் சொன்னது உண்மைதான். விற்கிறவரும் சொல்வார், வாங்குகிறவரும் சொல்வார். ஆனால் இந்தப் பொருளுக்கு அதுவே பெரிய வசதி என்பேன். மலைச்சரிவில் தடுப்புச்சுவர் எழுப்பி, சமவெளியிலிருந்து மணலும் கம்பியும் லாரியில் ஏற்றி, உயரக் கட்டுப்பாட்டுக்குள் அடக்கிக் கட்டுகிறவருக்குக் கட்டுபடியாகும் வாடகை ஒன்று. தோட்டத்திலும் ஓட்டலிலும் வேலை செய்கிறவருக்குக் கட்டுபடியாகும் வாடகை இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை யார் காசு போட்டு நிரப்புவது என்பதுதான் அந்த அறிக்கை முழுவதும் பேசுகிற விஷயம். ஒரே சொல் இரண்டு கரையிலும் நிற்கிறது.

அறிக்கையில் வரும் வெளிநாட்டுச் சுற்றுலா ஊர்கள் இந்தப் பள்ளத்தை நிரப்பிய விதத்தைப் பார்த்தால் மலிவு என்ற சொல் இன்னும் அந்நியமாகத் தெரியும். ஆஸ்பெனில் சொத்து கைமாறும்போது முதல் ஒரு லட்சம் டாலரை விட்டுவிட்டு மீதிக்கு 1 சதவீதம் வாங்குகிறார்கள். கோடீஸ்வரர்கள் பங்களா வாங்க வாங்க, ஊர்க்காரர் வீட்டு நிதி நிறையும். நாம் கிரயப் பத்திரத்துக்கு 7 சதவீதம் முத்திரைத் தீர்வை கட்டுகிறோமே, அதில் ஒரு துளியை இப்படி ஒதுக்கி வைத்தது போல. கனடாவின் விஸ்லர் ஊரில் 1990 முதல், புதிதாகத் தொழில் கட்டடம் எழுப்புகிறவர் ஊழியருக்கு வீடு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பணம் கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். 1997இல் அதற்கென்றே தனி அமைப்பு வந்தது. 2010 குளிர்கால ஒலிம்பிக்குக்காக விளையாட்டு வீரர்களுக்குக் கட்டிய குடியிருப்பு பின்பு ஊர்க்காரர்களுக்குப் போனது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வேல் என்று ஓர் ஊர். (முருகனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) அங்கே 2017 முதல் நகராட்சி வீட்டுக்காரரிடம் பணம் கொடுத்துப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை எழுதி வாங்குகிறது: இந்த வீட்டில் குடியிருக்கிறவர் அந்த வட்டாரத்தில் வாரம் 30 மணி நேரமாவது வேலை செய்கிறவராக இருக்க வேண்டும். விலைக்கு உச்சவரம்பே கிடையாது, என்ன விலைக்கு வேண்டுமானாலும் விற்கலாம். அறிக்கையில் இதையும் ‘மலிவு விலை வீடு’ என்றே மொழிபெயர்த்திருந்தார்கள். படித்துப் பார்த்து எழுதினார்களா, அல்லது ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பட்டியல் வைத்து மாற்றிக்கொண்டே போனார்களா? அதை ‘ஊர்க்காரர் வீடு’ என்றால் போதும். அவர்களோ ஊர்க்காரரைக்கூட ‘உள்ளூர்வாசி’ ஆக்கி, ஓட்டலில் தட்டு கழுவுகிறவரைப் ‘பணிப்படை’யில் சேர்த்திருந்தார்கள். யாரோடு போர்?

வேறு சொற்களையும் நிறுத்துப் பார்த்தேன். ‘நியாய விலை’ ரேஷன் கடைக்குப் போய்விட்டது, திரும்பாது. ‘கைக்கெட்டும் வீடு’ அழகாக இருக்கிறது. கணக்கு இல்லை, ஆசை மட்டும் இருக்கிறது. ‘குறைந்த வருவாய்ப் பிரிவு வீடு’ என்பது ஹவுசிங் போர்டு ஒதுக்கீட்டில் ஒரு வகையின் பெயர். ஆஸ்பென் திட்டத்தில் நடுத்தர வருமானக்காரருக்கும் வீடு உண்டு என்பதால் அது அளவில் சிறியது. தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘இயலுவிலை உறையுள்’ என்று எழுதி அனுப்பினார். சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் குடியேற யாரும் வரமாட்டார்கள்.

எழுத்தில் ஒரு சிக்கல் உண்டு. சிலர் ‘கட்டுப்படி’ என்று ஒற்றுப் போட்டு எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் ‘கட்டுப்படு’ என்ற வினை நினைவுக்கு வந்து, அடங்கி நடக்கிற வீடு போல ஒலிக்கிறது. எங்கள் பக்கத்துப் பேச்சில் அந்த ஒற்று வருவதில்லை. எழுத்திலும் ‘கட்டுபடி’ என்றே விடலாம். தலைப்புக்கு நீளம் அதிகம் என்றால் ‘கட்டுபடி வீடு’ எனச் சுருக்கலாம். முதலில் கொஞ்சம் முரடாகப் படும், நாலு முறை சொன்னால் பழகிவிடும்.

திருத்திய படியைக் கொடுத்தேன். உள்ளே எல்லா இடத்திலும் ‘கட்டுபடியாகும்’ என்று மாற்றிக்கொண்டார்கள். அட்டையில் மட்டும் ‘மலிவு விலை வீடுகள்: ஒரு பார்வை’ என்று நிற்கிறது. ஏன் என்று கேட்டதற்கு, அட்டை முன்பே அச்சாகிவிட்டது, மறுபடி அடித்தால் கட்டுபடி ஆகாது என்றார்கள்.