எலும்புக்கூட்டின் தோளில் ஓர் ஓட்டை

“பொம்மலாட்ட எலும்புக்கூட்டின் கையும் தலையும் தனியாகக் கழன்று மிதந்துபோய், அதே இடத்தில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. உள்ளே காந்தமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். காந்தம் இல்லை, வெறும் ஓட்டைதான்.

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நூல்பாவைக் குழுக்கள் நாடகத்தோடு வித்தைப் பாவைகளையும் மேடையேற்றின. கயிற்றில் நடப்பது, பந்து தட்டுவது, துண்டு துண்டாகப் பிரிவது என்று ஆளுக்கொரு வித்தை. அப்படிப்பட்ட டில்லர்-க்ளோஸ் குழுவின் பாவைகள் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பிரியும் கைக்கு இரண்டு நூல். ஒன்று மேலிருந்து நேராகக் கையில் கட்டியது. அதை இழுத்தால் கை மிதந்து விலகும். மற்றது கையின் மேல்நுனியில் தொடங்கி, தோள்குழியின் நடு ஓட்டைக்குள் நுழைந்து வெளியேறி, ஆட்டுபவரின் பிடிகட்டைக்குப் போகும். முதலாவதைத் தளர்த்தி இரண்டாவதை இழுத்தால் கை எங்கிருந்தாலும் குழிக்குத்தான் வந்தாக வேண்டும். நூலுக்கு வேறு வழியே கிடையாது. ஆட்டுபவர் குறிபார்க்க வேண்டியதில்லை. குறியை ஓட்டையே பார்த்துக்கொள்கிறது. கறுப்புத் திரைக்கு முன் கறுப்பு நூல் கண்ணில் படாததால் பார்ப்பவருக்கு மாயம்.

இதில் சிக்கல் உராய்வு. நூல் ஒரு விளிம்பில் வளையும்போது இழுவிசை எத்தனை மடங்கு கூடும் என்பதை உராய்வெண்ணும் வளைவுக் கோணமும் தீர்மானிக்கின்றன. கை கீழே தொங்கும்போது நூல் மேலேறி, ஓட்டைக்குள் கிடையாகத் திரும்பி, மறுபடி மேலே போகிறது: மொத்தம் 180 பாகை. உராய்வெண் 0.3 என்றால் 2.6 மடங்கு, 40 கிராம் கையைத் தூக்க நூறு கிராமுக்குச் சற்று மேல் இழுக்க வேண்டும். இந்தக் கணக்கில் ஓட்டையின் விட்டம் வரவே வராது! நூல் சிக்குகிறதே என்று ஓட்டையைத் துளையிட்டுப் பெரிதாக்கினால் உராய்வு குறையாது. கை குழியில் உட்காராமல் கோணலாக நிற்பதுதான் மிச்சம்.

சிக்குவதற்குக் காரணம் வேறு. வருடக்கணக்காக ஓடிய நூல் விளிம்பில் ஒரு பள்ளம் அறுத்திருக்கும். 60 பாகைப் பிளவாக அது கூர்ந்துவிட்டால் இரு பக்கச் சுவரும் நூலைக் கவ்வி, உராய்வு இரட்டித்ததுபோல் ஆகும். அதே 40 கிராம் கைக்கு 260 கிராம் இழுவை வேண்டும். கை வருவதற்குள் உடம்பே சாய்ந்துவிடும்.

அப்படியானால் பள்ளத்தை அடைத்து ஆட வைக்கலாமா? கூடாது. பாவை எந்தக் கோணத்தில், எந்த நூலில் ஆடியது என்பதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அந்தப் பள்ளம். ஆடிக்காட்ட நகல் செய்துகொள்ளலாம். கண்காட்சி அரங்கின் விளக்குக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்குபவர்கள், இப்படிப்பட்ட தடயங்களை அளந்து பதிவதற்குக் கஞ்சத்தனம் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய பாவையைப் பாதுகாப்பதில் மற்ற வேலைகள் வழக்கமானவை. கழற்றும் முன் ஒவ்வொரு நூலின் நீளத்தையும் முடிச்சையும் படத்தோடு குறிக்க வேண்டும். பழைய நூலை அமிலமற்ற உறையில் வைக்க வேண்டும். உளுத்துத் துளைக்கும் வண்டு உயிரோடிருந்தால் காற்றுப்புகாத உறையில் ஆக்சிஜனை 0.5 சதவீதத்துக்குக் கீழே இறக்கிச் சில வாரம் விடலாம். வண்ணம் பூசிய மரத்துக்கு உறையவைப்பதைவிட இதில் ஆபத்து குறைவு. உரியும் சுண்ணப்பூச்சின் அடியில் நீர்த்த மீன்பசையை மெல்லிய தூரிகையால் விட்டு, சிலிக்கோன் தாளை வைத்து மெதுவாக அழுத்தினால் படியும். பூச்சு தூள்தூளாக உதிர்ந்தால் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுப் பசையைப் புகையாகத் தெளிக்கும் கருவியை எடுக்க வேண்டும்.

காட்சிக்கு வைக்கும்போது பாவையைப் பழைய நூலில் தொங்கவிடக் கூடாது. துருப்பிடித்த கொக்கித் திருகு நைந்த மரத்திலிருந்து ஒருநாள் பிடுங்கிக்கொண்டு வரும். இடுப்புக்கு அடியில், பஞ்சுநுரை சுற்றிய பித்தளைக் கம்பி எடையைத் தாங்கட்டும். மேலே தெரியும் புது நூல்கள் பெயருக்குத்தான். வெளிச்சம் 50 லக்ஸ், ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். பாதத்தில் எடைக்காக ஈயம் வைத்திருந்தால் ஓக் மரப் பேழை வேண்டவே வேண்டாம்: ஓக் வெளியிடும் அசெட்டிக் அமில ஆவியில் ஈயம் வெள்ளைத் தூளாகிப் பெருத்து, சுற்றியுள்ள மரத்தையும் பிளக்கும். பேழைப் பொருளைச் சோதிக்க, அதன் துண்டை ஈயம், செம்பு, வெள்ளித் தகடுகளோடு மூடிய குடுவையில் ஈரக்காற்றில் 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் வைப்பார்கள். தகடு கறுத்தாலோ வெளுத்தாலோ அந்தப் பொருள் ஆகாது.

ராத்திரியில் பொம்மை தானாகத் தலை திருப்பியது என்ற பேய்க்கதை வேறு உலவுகிறது. முறுக்கிய லினன் நூல் ஈரம் குடித்தால் பருத்து, முறுக்கு தளரும். ஒற்றை நூலில் தொங்கும் தலை அதோடு திரும்பும். காலையில் காற்று உலர்ந்ததும் பெரும்பாலும் பழையபடி திரும்பிவிடும்.