சொல் விளக்கம்: கையூட்டு

லஞ்சம் என்று எழுதினால் எல்லோருக்கும் புரிகிறது, பிறகு கையூட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தனித்தமிழ்ப் பற்று ஒரு காரணம்தான். ஆனால் எனக்கு அது இரண்டாவது காரணம். லஞ்சம் சொல்லாமல் விடுகிற ஒன்றைக் கையூட்டு சொல்லிவிடுகிறது என்பதே முதல் காரணம்.

முதலில் லஞ்சத்தின் ஊரைப் பார்த்துவிடலாம். வடமொழியில் லஞ்சா என்று அகராதிகளில் இருக்கிறது. மராத்தியில் லாச், குஜராத்தியில் லாஞ்ச், கன்னடத்தில் லஞ்ச, தெலுங்கில் நம்மைப் போலவே லஞ்சம். தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்ற பழைய இலக்கண விதிப்படி முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்து இலஞ்சம் என்று ஆக்கிக்கொண்டோம். இலங்கைத் தமிழ் அந்த இகரத்தை இன்னும் விடவில்லை. அங்கே சட்டங்களிலும் நாளிதழ்களிலும் இலஞ்சம்தான். தமிழ்நாட்டில் 1964இல் தொடங்கிய துறைக்கு ஏட்டில் ஊழல் தடுப்பு, கண்காணிப்பு என்றெல்லாம் நீளமான பெயர் இருந்தாலும், மக்கள் வாயில் அது லஞ்ச ஒழிப்புத் துறை. (குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இலஞ்சி ஊர்க்காரர்கள் கவலைப்பட வேண்டாம். இலஞ்சி என்றால் குளம். இதற்கும் அதற்கும் உறவில்லை.)

இனி கையூட்டு. காண் என்பதிலிருந்து காட்டு வந்ததைப் போல, உண் என்பதிலிருந்து ஊட்டு வந்தது. தானாக உண்ணுவது ஒன்று, பிறர் உண்ணச் செய்வது வேறு. தாய் பிள்ளையின் வாய்க்கு ஊட்டுகிறாள். காரியம் ஆக வேண்டியவன் அதிகாரியின் கைக்கு ஊட்டுகிறான். இங்கே கைதான் வாய்.

இந்த உருவகம் தமிழர் பேச்சில் ஊறியது. ஏரி வெட்ட வந்த பணம் காணாமல் போனால் அதைத் திருடிவிட்டான் என்பதைவிடத் தின்றுவிட்டான் என்றுதான் ஊர் சொல்லும். சாலைக்கு வந்ததை வாயில் போட்டுக்கொண்டான் என்கிறோம். அலுவலகத்தில் கேட்கப்படும் தொகைக்கும் டீச் செலவு, காபிக் காசு என்று தின்பண்டப் பெயர்கள். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் விடுவானா என்ற பழமொழியில் கையும் வாயும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. அந்தப் பழமொழி குற்றத்தைக் கண்டிக்கிறதா, மன்னிக்கிறதா என்று எனக்கு எப்போதும் ஐயம் உண்டு.

சொல்லின் வயதைக் கேட்டால், காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூருக்குப் போக வேண்டும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு: ஒன்று 919ஆம் ஆண்டைச் சேர்ந்தது, மற்றொன்று 921. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுக்கும் குடவோலை முறையில், வாரியங்கள் என்ற ஊராட்சிக் குழுக்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்று சொல்பவை. பலரும் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசிவிடுகிறார்கள். ஆனால் சுவையே அந்த இரண்டு ஆண்டு இடைவெளியில்தான் இருக்கிறது: ஊராட்சி ஒழுக்க விதிகளை எழுதி, நடத்திப் பார்த்து, போதவில்லை என்று கண்டு, திருத்தி எழுதியிருக்கிறார்கள். முதல் விதியில் வயது 30க்கு மேல் 60க்குள். திருத்தத்தில் 35க்கு மேல் 70க்குள். வாரியத்தில் இருந்து ஓய்ந்தவர்களின் நெருங்கிய உறவினருக்கு இடமில்லை என்பது முதலிலேயே உண்டு. கணக்குக் காட்டாதவனுக்கும் அவனுடைய உறவினருக்கும் இடமில்லை என்பது திருத்தத்தில் வந்தது. உறவினர் என்றால் யார் என்று அந்த இரண்டு ஆண்டில் யாரோ வழக்காடியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஏனென்றால் 921இல் பட்டியலே போட்டுவிட்டார்கள்: சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், தாயோடு பிறந்தவன், தகப்பனோடு பிறந்தவன், மருமகன் என்று நீள்கிறது. பினாமிக்கு அன்றே கதவடைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் இன்றைய மக்களாட்சி என்று கொண்டாடுவது மிகை. நிலமும் மனையும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களுக்குள் நடந்த தேர்வு அது.

921ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வரும், தேர்வுக்குத் தகாதவர்களின் பட்டியலில்தான் “எப்பேர்ப்பட்ட கையூட்டுங் கொண்டான்” என்று வருகிறது. அப்படிக் கொண்டவன் பிராயச்சித்தம் செய்து தூயவனாகிவிட்டாலும், உயிர் உள்ளவரை அவன் பெயர் குடவோலைக்குப் போகக் கூடாது. லஞ்சம் வாங்கியவனுக்கு ஆயுள் தடை என்று இன்று மேடைதோறும் சொல்லப்படுவது இந்த வரியைத்தான். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் முதலில் வந்த மொழிபெயர்ப்பு, விலக்கப்பட்ட உணவை உண்டவன் என்று இதற்குப் பொருள் கொண்டது. முன்னும் பின்னும் பாதகம், தீட்டு, பிராயச்சித்தம் என்று போகிற பட்டியலில் அந்தப் பொருளுக்கும் இடம் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. அடுத்தவன் பொருளைக் கவர்ந்தவனைச் சொன்ன கையோடு இது வருவதால் லஞ்சம் என்ற பொருளே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எந்தப் பக்கம் நின்றாலும், ஊட்டு என்பதில் சோற்றின் மணம் ஆயிரம் ஆண்டு கழித்தும் போகவில்லை என்பது தெரிகிறது.

இப்போது நான் முதலில் சொன்ன காரணம். லஞ்சம் என்பது பொருளின் பெயர். அது யாரையும் சுட்டாது. கையூட்டில் ஊட்டுபவன் இருக்கிறான். இந்தியாவின் 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் வாங்கும் அரசு ஊழியரை மையமாக வைத்து எழுதப்பட்டது. 2018இல் திருத்தியபோதுதான் கொடுப்பதும் தனிக் குற்றமாக நேராகச் சொல்லப்பட்டது. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். சொல்லுக்குள் இருந்த ஆளைச் சட்டம் தேடிப் பிடிக்க முப்பது ஆண்டு ஆயிற்று.

தேர்தலில் கதை வேறு. அங்கே கொடுத்தவர், வாங்கியவர் இருவருமே குற்றவாளிகள் என்பது 1920 முதலே சட்டம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்துக்குள் வந்துவிட்ட அந்தப் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. வாக்காளருக்குப் பணம் கொடுத்தால் ஓராண்டு வரை சிறை. சாப்பாடு, குடி, கேளிக்கை என்று உபசரித்தால் அபராதம் மட்டும். பிரியாணிப் பொட்டலம் நூறு ரூபாய்த் தாளைவிடச் சிறிய பாவம். சொல்லின் நேர்ப்பொருளில் பார்த்தால் கையூட்டு என்ற பெயருக்கு உண்மையாகவே உரியது அந்தப் பொட்டலம்தான்.

வாக்காளருக்குப் பணம் கொடுப்பதைத் தொலைக்காட்சிகள் பணப் பட்டுவாடா என்கின்றன. பட்டுவாடா வடக்கிலிருந்து வந்த சொல். சம்பளப் பட்டுவாடா, தபால் பட்டுவாடா என்று நேர்மையாகப் பிழைத்துக்கொண்டிருந்தது. அதற்கு இந்தக் கெட்ட பெயர் வந்திருக்க வேண்டாம்.

செலவு வரம்பு இன்னொரு பக்கம். 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவிக்கு 9,000 ரூபாய், ஊராட்சித் தலைவர் பதவிக்கு 34,000 ரூபாய் என்று தமிழ்நாட்டில் உச்சவரம்பு இருந்தது. பந்தி போட்ட ஊர்களில் அது இலைக்கும் போதாது. இலங்கையில் தேர்தல் செலவை ஒழுங்குபடுத்த 2023இல்தான் தனிச்சட்டம் வந்தது. 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் நின்றவர்கள் முடிவு வந்த 21 நாளுக்குள் செலவு விவரம் கொடுக்க வேண்டியிருந்தது. இரு நாட்டிலும் இந்தக் கடமைக்கு நாம் சொல்வது கணக்குக் காட்டுவது. உத்திரமேரூர்ச் சுவரில் இருக்கும் அதே சொல்.

கையூட்டுக்கு உறவுச் சொற்கள் சில உண்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்கக் கூடாது. கைக்கூலி லஞ்சத்தையும் குறிக்கும், தமிழ் முஸ்லிம்களிடையே மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் பணத்தையும் குறிக்கும். கையுறை பெரியவரைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோகும் காணிக்கை. இன்று குளிருக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் போய்விட்டது. பரிதானம் வடசொல், பழைய ஏடுகளோடு நின்றுவிட்டது. மாமூல் அரபியிலிருந்து வந்த சொல், வழக்கம் என்று பொருள்படும்; மாதாமாதம் வருவதற்கு இதைவிட ஒளிவுமறைவில்லாத பெயர் கிடைக்காது. ஊழல், ஊழ்த்தல் அதாவது அழுகுதல் என்பதிலிருந்து வந்தது. அது அமைப்பின் நோய். கையூட்டு ஒரு செயல். ஆகவே, பாலம் கட்டுவதில் நடந்த மொத்தக் குளறுபடி ஊழல். அதற்காக உறுப்பினர் ஒருவரிடம் உறையைக் கொடுத்தது கையூட்டு.

எழுதும்போது கையூட்டுப் பெற்றார், கையூட்டுக் கொடுத்தார் என்று வல்லினம் மிகுத்து எழுதுங்கள். கொண்டார் என்றால் இன்னும் பழமை. கையூட்டு லஞ்சம் என்று இரண்டையும் சேர்த்து எழுதுகிறார்கள் சிலர். ஒரே தொகையை இரண்டு முறை வாங்கியது போல் இருக்கிறது.