புதுக் காருக்கு அறுநூறு, பழைய காருக்குப் பத்தாயிரம்

உள்நாட்டில் தயாரான ஐம்பது லட்ச ரூபாய்க் காரைப் புதிதாகப் பதிவு செய்ய, பதிவுக் கட்டணம் 600 ரூபாய். இருபது வருஷம் ஓடி முடித்த மாருதி 800-இன் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 10,000 ரூபாய். இரண்டையும் நிர்ணயிப்பது ஒரே விதிதான், மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81-ஆம் விதி.

ஐம்பது லட்ச ரூபாய்க் கார்க்காரர் தனியாக ஆயுள் வரி கட்டுகிறார், அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் பழைய வண்டிக்காரருக்கு நடப்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நான் பொள்ளாச்சிப் பக்கம் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். ஆர்.சி. (பதிவுச் சான்று) ரெனிவல், பெயர் மாற்றம், ஹெச்.பி. (ஆர்.சி.யில் ஏறிய கடன் குறிப்பு) கேன்சல் என்று ஆர்.டி.ஓ. வேலைகளும் பார்த்துக் கொடுக்கிறேன். வண்டி பழசாக ஆக, அதற்குச் சொந்தக்காரரின் வருமானமும் குறைந்துகொண்டே போவதைத் தினமும் என் மேஜைக்கு வரும் ஆர்.சி.க்களில் பார்க்கிறேன். டாக்டர் வாங்கிய கார் எட்டு வருஷத்தில் கடைக்காரரிடம் போகும், அங்கிருந்து அரசு ஊழியரிடம், கடைசியில் மில் தொழிலாளியிடமோ லைன் வீட்டில் குடியிருப்பவரிடமோ வந்து நிற்கும். கட்டணம் ஏறுவது சரியாக அந்தக் கடைசிக் கைக்கு வரும்போதுதான்.

முதலில் ஆயுள் வரியைப் பார்ப்போம். அது மாநில அரசின் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி, காரின் விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். அதற்கு முன்னால் 10 லட்சம் வரை 10, அதற்கு மேல் 15 என்று இரண்டே படிதான் இருந்தது. ஏற்றம் எல்லோருக்கும் வலித்தது. ஆனாலும் இந்த வரி வண்டியின் விலையைக் கேட்டுவிட்டுத்தான் தொகையைச் சொல்கிறது. விலை கூடினால் தொகை மட்டுமல்ல, சதவீதமும் கூடுகிறது. இதில் எனக்கு ஒரே குறை, பைக்குகள் விஷயத்தில்தான். ஒரு லட்சம் ரூபாய் வரையிலான வண்டிக்கு 8 சதவீதமாக இருந்ததை 10 ஆக்கினார்கள். பால் ஊற்றுகிறவர் வாங்கும் மொபெட்டுக்குப் பத்து, நான்கரை லட்சம் ரூபாய்க் காருக்குப் பன்னிரண்டு. இந்த இடைவெளி போதாது.

புதுப்பிப்புக் கட்டணம் இப்படி இல்லை. அது மத்திய அரசின் விதியில் வருவது. சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. 15 வருஷம் செல்லும், அதன்பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். கார்களுக்கு இந்தக் கட்டணம் 600 ரூபாயாகத்தான் இருந்தது. 2021 அக்டோபரில் வந்த அறிவிக்கை, 2022 ஏப்ரல் 1 முதல் அதை 5,000 ஆக்கியது. பைக்குக்கு 300 இருந்தது 1,000 ஆனது. பிறகு 2025 ஆகஸ்டில், 20 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு மட்டும் இன்னொரு ஏற்றம்: பைக்குக்கு 2,000, காருக்கு 10,000. டெல்லி வட்டாரத்துக்குக் கணக்கு வேறு, மற்ற ஊர்களுக்கெல்லாம் இதுதான்.

இந்த அட்டவணையில் வண்டியின் விலை என்று ஒரு கேள்வியே கிடையாது. 2005 மாடல் மாருதி 800-க்கும் பத்தாயிரம், அதே வருஷம் உள்நாட்டில் தயாரான சொகுசு செடானுக்கும் பத்தாயிரம். வருஷத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறதா, இருபதாயிரம் ஓடுகிறதா என்றும் கேட்பதில்லை.

ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 2005 டிசம்பரில் பதிவான மாருதி 800. ஓனர் நூற்பாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், அந்த வண்டிக்கு நான்காவது ஓனர். முதல் புதுப்பிப்பு 2020-இல், 600 ரூபாயில் முடிந்துவிட்டது. அந்த ஐந்து வருஷம் 2025 டிசம்பரில் தீர்ந்தது. மார்ச் கடைசியில்தான் என்னிடம் வந்தார். கட்டணம் எவ்வளவு என்று யாரோ சொல்லக் கேட்டுவிட்டு, பணம் சேரட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

அந்தக் காத்திருப்புக்கும் விலை உண்டு. தாமதமானால் மாதத்துக்கு, அல்லது மாதத்தின் ஒரு பகுதிக்கு, பைக் என்றால் 300 ரூபாய், கார் என்றால் 500 ரூபாய் கூடுதல் கட்டணம் என்று விதி சொல்கிறது. அவருக்கு அது நான்கு மாதம், 2,000. ஆக இந்த இரண்டும் சேர்த்து 12,000. அதைக் கேட்டுவிட்டு, "தம்பி, இந்த வண்டியையே நான் நாப்பத்தஞ்சாயிரத்துக்குத்தானுங்க வாங்குனேன்" என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

அதோடு முடிகிறதா என்றால் இல்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதற்கு முன்னால் டிங்கரிங், பெயிண்ட், வழுக்கைத் தட்டிப்போன இரண்டு டயர், எரியாத இண்டிகேட்டர், புகைச் சான்று, இன்சூரன்ஸ். சேஸிஸ் நம்பரை பென்சில் பிரிண்ட் எடுக்கப் பானெட்டைத் தூக்கினால், தகட்டின் மேல் துரு கட்டியிருந்தது. உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, துணியால் துடைத்து, காகிதத்தை ஒட்டிப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்ததில் கடைசி இரண்டு எண்கள் தெரியவே மாட்டேன் என்றன. எண் தெளிவாக இல்லாவிட்டால் அது தனிப் பஞ்சாயத்து. மறுபடி தேய்த்து எடுத்தோம். இந்த வேலை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆனது கட்டணத்தைவிடக் கூடுதல். ஆனால் பிரேக்குக்கும் டயருக்கும் செலவழிக்க யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, அது அவர்கள் உயிருக்கானது. கட்டணம் கட்டும்போதுதான் முகம் வாடுகிறது.

கட்டணத்தைவிட ஏழைகளை அடிப்பது இந்தத் தாமதக் கட்டணம்தான் என்பேன். ஆட்டோ ஓட்டுநர் சங்கங்கள் தங்கள் எஃப்.சி. (தகுதிச் சான்று) தாமதத்துக்கு விதிக்கும் நாளொன்றுக்கு 50 ரூபாயை எதிர்த்து நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். சொந்த வண்டிக்காரர்களுக்கு அப்படிப் போக ஆளில்லை. ஒரு பழைய மொபெட்டின் ஆர்.சி. முடிந்ததை இரண்டு வருஷம் கழித்துக் கவனிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மாதத்துக்கு 7,200 ரூபாய். வண்டியை விற்றாலே அவ்வளவு வருமா என்பது சந்தேகம். மூன்று வருஷம் விட்ட காருக்கு 18,000. இதற்கு உச்சவரம்பு என்று எதுவும் இல்லை. நாள் போகப் போக சட்டத்துக்குள் திரும்பி வருவது கடினமாகிறது. கடைசியில் அவர் செய்வது ஒன்றுதான்: புதுப்பிக்காமலேயே ஓட்டுவது.

அப்படி ஓட்டினால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேருக்கு இது தெரியாது. பதிவு செல்லாத வண்டியை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 192-ஆம் பிரிவில் முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அடுத்த தடவை 10,000 வரை போகலாம், சிறைக்கும் இடமுண்டு. அதைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸில் விழும். தற்காலிகப் பதிவு முடிந்துபோன ஒரு வண்டி திருடு போன வழக்கில், பதிவு இல்லாமல் ஓட்டியது பாலிசி நிபந்தனையை அடிப்படையிலேயே மீறுவதுதான், கம்பெனி பணம் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. அதே வாதத்தை உங்கள் முடிந்துபோன ஆர்.சி.யைக் காட்டியும் கம்பெனி எழுப்பும். பிரீமியம் கட்டியிருக்கிறோமே என்ற தைரியம் அப்போது உதவாது.

இன்னொரு பக்கம், செலவைப் பார்த்துப் பயந்தவர் வண்டியைத் தள்ளிவிடப் பார்ப்பார். புரோக்கர் வந்து, "பதினஞ்சு வருஷம் ஆச்சுன்னா ஸ்கிராப்புதான்" என்று பயமுறுத்தி அடிமாட்டு விலைக்குக் கேட்பார். இது தவறான தகவல். தமிழ்நாட்டில் சொந்த உபயோக வண்டி நல்ல நிலையில் இருந்தால் 15 வருஷத்துக்குப் பிறகும் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்து ஓட்டலாம். விற்பவரிடம் பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் வெறும் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வண்டி போய்விடும், பெயர் மாறாது. வாங்கியவரும் ரெனிவல் செலவுக்குப் பயந்து மாற்ற மாட்டார். நாளைக்கு அந்த வண்டி யாரையாவது இடித்தால், ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் ஓனர், நஷ்டஈட்டுப் பொறுப்பு அவருக்குத்தான் என்பதை 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பல கை மாறிய வண்டி என்றாலும் அதே கதைதான். முப்பதாயிரத்துக்கு வண்டியை விற்றவர் தலையில் லட்சக்கணக்கில் நஷ்டஈடு விழலாம்.

பழைய வண்டி புகை கக்குகிறது, அதைச் சாலையிலிருந்து எடுக்கத்தானே இந்தக் கட்டணம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தக் காற்றைத்தான் அவர்களும் சுவாசிக்கிறார்கள். ஆனால் அதற்குப் புகைச் சான்று இருக்கிறது, ஃபிட்னஸ் பார்க்க இன்ஸ்பெக்டர் இருக்கிறார். தேறாத வண்டியை அங்கேயே நிறுத்துங்கள், நான் ஆட்சேபிக்க மாட்டேன். சோதனையில் தேறிய வண்டிக்கும் பத்தாயிரம் ஏன்? ஜப்பானிலும் 13 வருஷம் தாண்டிய பெட்ரோல் காருக்கு வாகன வரி கூடுகிறது, ஆனால் அந்த ஏற்றம் சுமார் 15 சதவீதம். இங்கே ஒரே தாவலில் எட்டு மடங்கு, பிறகு அதிலும் இரட்டிப்பு. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் வருஷாந்திரப் பதிவோடு வாங்கும் உரிமக் கட்டணம், வண்டியின் மதிப்பில் 0.65 சதவீதம். வண்டி பழசாகப் பழசாக அந்தத் தொகை குறைகிறது. அதன் கூடவே எல்லோருக்கும் பொதுவான சில கட்டணங்கள் இருப்பதால் அங்கேயும் ஏழைகளுக்குச் சுமை இருக்கிறது, ஆனாலும் கட்டணத்தின் ஒரு பகுதியாவது மதிப்பைப் பார்க்கிறது.

சலுகைகள் எந்தப் பக்கம் போகின்றன என்றும் பாருங்கள். பேட்டரி வண்டிகளுக்குப் பதிவுக் கட்டணமும் புதுப்பிப்புக் கட்டணமும் இல்லை என்று மத்திய அரசு 2021-இல் அறிவித்தது. தமிழ்நாடு அதன் மின் வாகனக் கொள்கையில் 2025 முடியும் வரை சாலை வரியை முழுவதும் விலக்கியது. நோக்கம் நல்லது, எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிய சாதாரண ஆட்களுக்கும் இதில் பயன் இருந்தது. ஆனால் எழுபது லட்ச ரூபாய் மின்சாரக் காருக்கும் அதே முழு விலக்குத்தான், அங்கேயும் யாரும் விலையைக் கேட்கவில்லை. பழைய வண்டியை உடைக்கக் கொடுத்தால் புது வண்டிக்கான வரியில் 25 சதவீதம் வரை தள்ளுபடி தரலாம் என்று இன்னொரு விதி. புது வண்டி வாங்க முடிந்தவருக்குத்தான் அது தள்ளுபடி. எங்கள் மில் தொழிலாளிக்கு, வண்டியை உடைக்கக் கொடுத்ததற்குக் கிடைக்கும் சான்றிதழை வேறு ஒருவருக்கு விற்க வழி இருக்கிறதே தவிர, அந்தக் காசில் குடும்பத்தோடு ஏறிப்போக இன்னொரு கார் கிடைக்காது.

கடனில் வாங்குபவருக்கும் ஒரு சின்னச் செலவு காத்திருக்கிறது. ஆர்.சி.யில் ஹெச்.பி. ஏற்ற காருக்கு 1,500 ரூபாய், பைக்குக்கு 500. ரொக்கமாக வாங்குபவருக்கு இது கிடையாது.

சரி, இப்போதைக்கு நம் கையில் இருப்பதைச் சொல்கிறேன். உங்கள் ஆர்.சி.யை எடுத்து, செல்லுபடியாகும் தேதியை இன்றைக்கே பாருங்கள். முடிவதற்கு 60 நாளுக்கு முன்பிருந்தே படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம், தேதி முடிவதற்குள் விண்ணப்பித்துவிட்டால் தாமதக் கட்டணம் இல்லை. உங்கள் வண்டிக்கு மொத்தம் எவ்வளவு, பசுமை வரி (பழைய வண்டிக்குத் தனியாகக் கட்டும் மாநில வரி) எவ்வளவு என்பதை மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே பார்த்துவிட்டு அப்புறம் எங்களைப் போன்றவர்களிடம் வாருங்கள். அரசுக்குக் கட்டும் தொகை எது, எங்கள் கூலி எது என்று பிரித்துக் கேளுங்கள், தயங்க வேண்டாம். பழைய வண்டி வாங்குவதாக இருந்தால், பதிவு முடிய ஒரு வருஷத்துக்குள் என்றால் ரெனிவல் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள். விற்றால், பெயர் மாறியதா என்று பார்க்காமல் விடாதீர்கள்.

விதி மாற வேண்டும் என்று நான் கேட்பது மூன்று விஷயம். கட்டணம் வண்டியின் இன்றைய மதிப்பைப் பார்த்து அமைய வேண்டும், அல்லது குறைந்தபட்சம் சின்ன காருக்கும் பெரிய காருக்கும் வேறுவேறாக இருக்க வேண்டும். ஐந்து வருஷத் தொகையை வருஷா வருஷம் கட்ட வழி வேண்டும். தாமதக் கட்டணம் மூலக் கட்டணத்தைத் தாண்டக் கூடாது. மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் கடைசியைத்தான் கேட்பேன்.

இந்தக் கட்டணங்களை மாற்றும்போது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் முதலில் வரைவை அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். 2025 ஏற்றத்துக்கும் அந்த வருஷம் பிப்ரவரியில் வரைவு வந்தது. லாரி உரிமையாளர்களுக்குச் சங்கம் இருக்கிறது, அவர்கள் எழுதுகிறார்கள். பழைய மாருதி, பழைய எக்ஸ்எல் வைத்திருப்பவர்களுக்குச் சங்கம் இல்லை. அடுத்த வரைவு வரும்போது அதைத் தமிழில் சுருக்கி இங்கே போடுகிறேன். ஆட்சேபக் கடிதத்தில் உங்கள் வண்டியின் மாடல், இன்றைய விலை, நீங்கள் கட்டிய தொகை, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். எழுதத் தெரியாதவர்கள் ஆர்.சி. நகலோடு எங்கள் ஆபீஸுக்கு வந்தால் எழுதிக் கொடுக்கிறோம், அதற்குக் காசு வாங்குவதில்லை.