கால் எட்டவில்லை என்று ஸ்ப்ரிங்கை வெட்டாதீர்கள்

இந்த சீசனிலும் ஆரம்பித்துவிட்டார்கள். கீழே சமவெளியில் எங்கேயோ ஸ்ப்ரிங் மாற்றி, பைக்கை இரண்டு அங்குலம் இறக்கிக்கொண்டு நேராக ஊட்டிக்கு ஏறுகிறார்கள். திரும்பி இறங்கும்போது வண்டியை டெம்போவில் ஏற்றிக் குன்னூரில் என் பட்டறைக்குக் கொண்டுவருகிறார்கள். போன வாரம் வந்த தம்பிக்கு முட்டியிலும் உள்ளங்கையிலும் கட்டு. பர்லியாறுக்கு மேலே இடது பக்கம் திரும்பும் ஒரு கொண்டை ஊசி வளைவில் சென்டர் ஸ்டாண்ட் ரோட்டில் ஊன்றிப் பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டது. "ரோட்டுல ஆயில் இருந்துச்சுங்கண்ணா" என்றார். ரோட்டில் இருந்ததோ இல்லையோ, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களில் இருந்த ஆயிலை டிரேயில் இறக்கிப் பார்த்தேன். சாம்பல் நிறம். அடியில் ஜிகினாத் தூள் மாதிரி இரும்புப் பொடி. ஸ்ப்ரிங்கை கிரைண்டரில் வெட்டி, வெட்டிய முனையைத் தட்டையாக்காமல் அப்படியே உள்ளே விட்டிருக்கிறார்கள். அந்த முனை டியூபின் உள்சுவரைச் சுரண்டிக்கொண்டே வந்திருக்கிறது. பின்னால் ஏதோ ஒரு குட்டை ஷாக் அப்சார்பர். இந்த வேலைக்குக் காசு வேறு வாங்கியிருக்கிறார்கள்!

உயரம் குறைந்தவர்கள் பெரிய வண்டி ஓட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-க்கு சீட் உயரம் 800 மி.மீ., ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-க்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். எங்கள் ஊரில் சமதளமே கிடையாது. பள்ளத்துப் பக்கம் கால் ஊன்றப் போய், தரை கிடைக்காமல் வண்டியோடு சாய்வது நிஜமான பயம்தான். ஆனால் அதற்கு முதலில் போக வேண்டிய இடம் சீட் தைக்கிறவர் கடை. ஃபோமை முன்பக்கம் ஒடுக்கி, 20, 25 மில்லிமீட்டர் செதுக்கினால் பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். அடிப்பாகம் தடித்த பூட்ஸ் இன்னும் கொஞ்சம் கொடுக்கும். இரண்டு காலும் முழுசாகப் பதிய வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். ஒரு கால் உறுதியாகப் பதிந்தால் போதும்.

அடுத்து, எனக்குத் தலைவலி தருகிற விஷயத்துக்கு வருகிறேன். "பின்னாடி ரிங்கை டைட் பண்ணிட்டேன், ஸ்ப்ரிங் ஹார்டு ஆயிடுச்சு." "லூஸ் பண்ணிட்டேன், சாஃப்ட்டா போகுது, உயரமும் குறைஞ்சிடுச்சு." உயரம் குறைவது நிஜம்தான். ஸ்ப்ரிங் ஹார்டு ஆனது, சாஃப்ட் ஆனது, இரண்டுமே தப்பு. பின் ஷாக்கில் இருக்கும் அந்த ரிங் மாற்றுவது ப்ரீலோடை, அதாவது ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வைப்பது என்பதை. அது ஸ்ப்ரிங்கின் கெட்டித்தனத்தைத் தொடுவதே இல்லை. ஒரு ஸ்ப்ரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 8 கிலோ தேவை என்று வைத்துக்கொள்வோம். ரிங்கை 5 மி.மீ. இறுக்கிய பிறகும் அடுத்த ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அதே 8 கிலோதான். கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, இவை மாறினால்தான் கெட்டித்தனம் மாறும். ஸ்பேனர் வைத்துத் திருகி இதில் எதையும் மாற்ற முடியாது.

பிறகு ஏன் ஹார்டாகத் தெரிகிறது? நீங்கள் உட்கார்ந்தும் வண்டி அமுங்காமல் உயரத்திலேயே நிற்பதால். பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்க இடமே இல்லை. அதனால் 'டங்' என்று அடிக்கிறது. லூஸ் செய்தவர் கதை இதற்கு நேர் எதிர். வண்டி ஏற்கெனவே பாதி அமுங்கிய நிலையில் ஓடுகிறது. தனியாகப் போகும்போது மெத்தென்று இருக்கும். வீட்டுக்காரரையும் பையையும் ஏற்றிக்கொண்டு குன்னூரிலிருந்து கல்லாறு இறங்கிப் பாருங்கள். வளைவுக்கு முன் வேகத்தடைப் பட்டைகள். அதன் மேல் பிரேக். எடை எல்லாம் முன்னால். ஃபோர்க் அடியில் போய் முட்டிய அந்த நொடியில் சஸ்பென்ஷன் என்று ஒன்றே கிடையாது, டயர் மட்டும்தான். ஈர ரோட்டில் அது எவ்வளவு பிடிக்கும் என்று சோதித்துப் பார்க்க அந்தச் சாலை இடமல்ல.

ப்ரீலோட் எதற்கு என்றால், நீங்கள் உட்கார்ந்ததும் வண்டி சரியான அளவு அமுங்கி நிற்பதற்கு. அதற்குப் பெயர் சாக். சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய மொத்தப் பயணத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, அல்லது அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஹிமாலயன் 411-க்குப் பின்பக்கம் 180 மி.மீ. பயணம் உண்டு, ஆக 50 முதல் 60 மி.மீ. அமுங்கி நின்றால் சரி. அளப்பதும் சுலபம். ஒருவர் வண்டியைப் பின்னால் தூக்கிப் பிடிக்க, ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே சீட்டின் கீழ் ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். ஹெல்மெட், ஜாக்கெட், பையோடு ஏறி உட்கார்ந்து மறுபடியும் அதே புள்ளிக்கு அளங்கள். வித்தியாசம்தான் சாக். ரிங்கை முழுக்க இறுக்கியும் அது அதிகமாகவே இருந்தால் உங்கள் எடைக்கு அந்த ஸ்ப்ரிங் போதவில்லை. அப்போதுதான் வெளியில் ஸ்ப்ரிங் வாங்குவதைப் பற்றியே பேச வேண்டும். அதுவும் பெட்டியில் கெட்டித்தன அளவு போட்டிருக்கிற, உங்கள் எடைக்கென்று சொல்லி விற்கிற ஸ்ப்ரிங். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று எழுதியிருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

வெட்டினால் சாஃப்ட் ஆகும் என்கிறவர்களுக்கு ஒரே கணக்கு: 40 சுற்றில் 8 சுற்றை வெட்டினால் மிச்சமிருக்கும் ஸ்ப்ரிங் முன்பைவிட 25 சதவீதம் கூடுதல் கெட்டியாகும். டேம்பிங், அதாவது ஸ்ப்ரிங்கின் துள்ளலை ஆயில் அடக்குவது, பழையதாகவே இருக்கும். கெட்டி ஸ்ப்ரிங் திரும்பி எழும் வேகத்தை அந்த ஆயிலால் அடக்க முடியாது, வண்டி குதிக்கும். ஆயிலை மாற்றினாலும் கவனம் வேண்டும். டப்பாவில் 10டபிள்யூ என்று ஒரே தடிமன் எண் போட்டிருந்தாலும் இரண்டு கம்பெனி ஆயில் ஒரே தடிமன் கிடையாது; கலக்காதீர்கள். கேஸ் ஷாக்கைப் பிரிக்கவே வேண்டாம். உள்ளே நைட்ரஜன் அழுத்தத்தில் இருக்கிறது.

தாழ்ந்த வண்டி வளைவில் ஒட்டிக்கொண்டு போகும் என்பது இன்னொரு கதை. அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க, ஈர்ப்பு மையம் தாழ்ந்த பைக் கொஞ்சம் கூடுதலாகவே சாய வேண்டும். சாய இருந்த இடத்தைத்தான் நீங்கள் குறைத்துவிட்டீர்களே. கல்லட்டியில் 36 வளைவுகள். ஸ்டாண்ட் எந்த வளைவில் தட்டும் என்று எண்ணிக்கொண்டா இறங்குவீர்கள்?

கட்டாயம் தாழ்த்தித்தான் ஆக வேண்டும் என்றால், 25 மில்லிமீட்டரைத் தாண்டாதீர்கள். பின் ஷாக்கை இணைக்கும் லிங்க்கை மாற்றிப் பின்பக்கத்தை மட்டும் இறக்காதீர்கள். ஹேண்டில் மந்தமாகும், முன்சக்கரம் லேசாகும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். மூடுபனியில் எதிரே வரும் அரசுப் பேருந்து ஓட்டுநருக்கு உங்கள் ஹெட்லைட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஃபோர்க் டியூபை கிளாம்ப்பில் மேலே ஏற்றி முன்பக்கத்தையும் இறக்குகிறவர்கள், முழுக்க அமுங்கினால் மட்கார்டு எங்கேயாவது முட்டுமா என்று முதலில் பாருங்கள். செயின் தொய்வைப் புதிதாக வையுங்கள். சைடு ஸ்டாண்டை அந்த அளவுக்குக் குட்டையாக்குங்கள், தயவுசெய்து. இல்லையென்றால் வண்டி நெட்டாக நிற்கும். மார்க்கெட் பக்கச் சரிவில் ஒரு கார் உரசிப் போன காற்றுக்கே மறுபக்கம் சாயும். அந்தப் பக்கம் உங்கள் குழந்தை நின்றிருக்கலாம்.

மாற்றிய அன்றே மேட்டுப்பாளையம் இறங்காதீர்கள். ஃபோர்க் டியூபில் ஒரு கேபிள் டை கட்டி, சீலை ஒட்டித் தள்ளி வைத்துவிட்டு, லேம்ப்ஸ் ராக் பக்கம் மெதுவாகப் போய் வாருங்கள். டை எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறதோ அவ்வளவு பயணம் செலவாகியிருக்கிறது. கடைசி வரை போய் நின்றிருந்தால் நேராகப் பட்டறைக்கு வாருங்கள், பின்னால் உட்காருகிறவரையும் கூட்டிக்கொண்டு. நான் எடை கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்லுங்கள். ஐந்து கிலோ குறைத்துச் சொல்லி, பிறகு ஸ்ப்ரிங்கைக் குறை சொல்கிறவர்கள் நிறைய.