'இஷ்டத்துக்கு ஆடுங்க' என்று சொல்வதை நான் ஏன் விட்டேன்

பத்து வருஷம் பரதம் படித்து அரங்கேற்றமும் முடித்த பெண் ஒருத்தி. என்னிடம் தற்கால நடனம் கற்க வந்த முதல் நாளே அவளிடம், "இஷ்டத்துக்கு ஆடும்மா" என்றேன். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றவள், தானாக அரைமண்டியில் உட்கார்ந்து, பரதத்தின் முதல் பாடமான தட்டடவு போட ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வேறு. தப்பு என்னுடையதுதான்.

இப்போதெல்லாம் கட்டுப்பாடு வைத்துத்தான் தொடங்குகிறேன். வலது முழங்கை இழுக்கிற பக்கம் உடம்பு போகட்டும், மூன்று நிமிடம், அவ்வளவுதான். முதல் நிமிடத்துக்குள் தெரிந்த அசைவெல்லாம் தீர்ந்து சலிப்பு வரும். பாடம் அங்கேதான் ஆரம்பம், அதனால் பாட்டும் போடுவதில்லை, போட்டால் உடம்பு தாளத்தைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடும்.

அமெரிக்காவில் 1972-ல் காண்டாக்ட் இம்ப்ரொவைசேஷன் என்ற, ஒருவரையொருவர் தொட்டு முன்கூட்டித் திட்டமிடாமல் ஆடும் நடனத்தைத் தொடங்கிய ஸ்டீவ் பாக்ஸ்டன் 'சிறு நடனம்' என்று ஒரு பயிற்சி வைத்திருந்தார். சும்மா நிற்பதுதான் அது! கண்ணை மூடி நின்று பாருங்கள், நாம் விழாமல் இருக்கக் கணுக்கால் ஓயாமல் வேலை செய்வது தெரியும். அந்தக் கணத்தில் தோன்றியதை ஆடுவது நமக்கும் புதிதில்லை. பரதக் கலைஞர் பாலசரஸ்வதி, பதம் என்ற பாடலின் ஒரே வரிக்கு மேடையிலேயே புதிது புதிதாக அபிநயம் பிடிப்பார், இலக்கணம் அவ்வளவு ஊறியிருந்தது.

காண்டாக்டில் ஒருவர் எடையை இன்னொருவர் தாங்க வேண்டும், தொடாமல் முடியாது. என் வகுப்பில் யாரும் எப்போதும் "போதும்" என்று விலகலாம், காரணம் கேட்கக் கூடாது. ஆசிரியரும் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். "கலைன்னா கூச்சப்படக் கூடாது" என்று யாராவது அழுத்தினால் பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். சேரும் முன் தரையையும் பாருங்கள்: கடப்பைக் கல்லிலும் மொட்டைமாடி சிமெண்டிலும் தினமும் குதித்தால் முழங்காலும் கணைக்கால் எலும்பும் வலியெடுக்கும், மரப்பலகைக்கு அடியில் கொஞ்சம் வளைந்துகொடுக்கிற சட்டம் இருந்தால் நல்லது.

சொல்லிக்கொடுப்பது வேறு, என் ஆட்டம் வேறு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். போன வருஷம் நான் ஆடிய தனி நடனத்தின் நடுப்பகுதியே அந்த முழங்கைப் பயிற்சியில் ஒரு மாணவர் தடுமாறியதைப் பார்த்துக் கிடைத்ததுதான். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். நிகழ்ச்சிக்கு வந்திருந்த அதே மாணவர், முடிந்ததும் என்னிடம் வந்து, "நான் இதைவிட மோசமா தடுமாறினேன் சார், நீங்க அழகாக்கிட்டீங்க" என்றார். அது பாராட்டில்லை என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் புரிந்தது.