பிளாக் ஹியூமர்: கறுப்பு நகையா, இளிநகையா?

மட்டக்களப்பில் எங்கள் வாசிப்புக் கூட்டாளிகளிடம் ஒரு மொழிபெயர்ப்பு நாவல் கைமாறிக்கொண்டிருக்கிறது. காமக் கதைதான். ஆனால் கிளுகிளுப்புக்கென்று எடுத்தவர்கள் ஏமாந்துபோனார்கள். இழவு வீட்டுப் பின்னறையில் இருவர் கூடுகிறார்கள். கட்டில் கால் முறிகிற சத்தத்தில் முன்னறை ஒப்பாரி சற்று நின்று, பிறகு முன்னையிலும் உரத்து எழும்புகிறது. கல்லடி நண்பர் ஒருவர் கேட்டார்: "சிரிப்பும் வருகுது, அருவருப்பும் வருகுது. மறுகா, இதுக்கு என்ன பேர்?"

பின்னட்டையில் 'பிளாக் ஹியூமர்' என்று போட்டிருக்கிறார்கள். ஹியூமர் முதலில் சிரிப்பே அல்ல. இலத்தீனில் ஈரம், நீர்மம். நமக்கு வாதம், பித்தம், கபம் போல, பழைய ஐரோப்பிய வைத்தியத்தில் குருதி, சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு. இவை கூடிக் குறைவதால்தான் ஆளுக்கு ஆள் குணம் மாறுகிறது என்று நம்பினார்கள். குணம் பிசகியவன் மேடையில் கேலிக்கு ஆளானான். சொல்லும் மெல்லச் சிரிப்பின் பக்கம் சாய்ந்தது. 'கறுப்பு' பிரெஞ்சுக்காரர் பூசியது. பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1940இல் இந்தப் பெயரிலேயே ஒரு தொகைநூல் கொண்டுவந்தார்.

தமிழில் 'கறுப்பு நகைச்சுவை' என்று எழுதுகிறோம். எனக்கு அது ஒட்டவில்லை. "கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள" என்கிறது தொல்காப்பியம். அப்படிப் பார்த்தால் கறுப்பு நகை கோபச் சிரிப்பாகிவிடும். 'அவல நகைச்சுவை' பரவாயில்லை; சாவையும் இழப்பையும் வைத்துச் சிரிக்கும் கதைகளுக்குச் சரியாகப் பொருந்தும்.

ஆனால் இந்த நாவலின் சிரிப்பு சாவில் இல்லை, உடம்பில் இருக்கிறது. உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்பார்கள். தொல்காப்பியர் எண்ணிய எட்டு மெய்ப்பாட்டில் நகைக்கும் இடமுண்டு, இழிவும் அருவருப்புமான இளிவரலுக்கும் இடமுண்டு. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கிலும் இளிவரல் பிறக்கும் என்பார். கட்டில் முறிந்து, இடுப்புப் பிடித்து, எழும்ப முடியாமல் கிடக்கிறவர், பின்னறையில் கூடிய இருவரில் ஒருவரான கிழவர்; அவரிடம் நான்கும் இருக்கின்றன! காரைதீவில் பிறந்த விபுலாநந்தர் 'மதங்க சூளாமணி'யில் சேக்ஸ்பியரையே நம் பழைய நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்த்தவர். இந்த நாவலை மெய்ப்பாட்டோடு வைத்துப் பார்ப்பதில் குற்றமில்லை.

ஆகவே இதற்கு 'இளிநகை' என்பேன். இளிவும் இருக்கிறது, பல்லிளிப்பும் இருக்கிறது. இசை படித்தவர்கள் இளி என்றால் ஏழு சுரங்களில் ஒன்றான பஞ்சமமல்லவா என்று சண்டைக்கு வரலாம். வரட்டும்.