நான்கு நாள் கூடினால் நூறு கிராம்

ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே, வட அட்லாண்டிக் கடலில் இருக்கிறது ஃபாரோ என்னும் தீவுக்கூட்டம். மொத்தம் 18 தீவுகள். மரம் அபூர்வம், செம்மறி ஆடு ஏராளம், மீன் அதைவிட ஏராளம். காற்று புகும்படி இடைவெளி விட்டுப் பலகை அடித்த கொட்டகைகளில் மீனைத் தொங்கவிட்டு, கடல் காற்றிலேயே உலர்த்துவார்கள். பக்கத்தில் போனால் மூக்கைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். அவர்களுக்கோ அது விருந்துச் சாப்பாடு.

இந்தத் தீவுகள் டென்மார்க் முடியாட்சியின் ஒரு பகுதி. 1980களில் ஓல்சன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இரண்டு இடத்துப் பிறப்புப் பதிவுகளையும் ஒப்பிட்டார்கள். ஃபாரோ குழந்தைகள் பிறக்கும்போது டென்மார்க் குழந்தைகளைவிடச் சராசரியாகச் சுமார் 200 கிராம் கூடுதல் எடையோடு இருந்தார்கள். குழந்தை வேகமாக வளர்கிறதா, அல்லது கூடுதல் நாள் வயிற்றில் தங்குகிறதா? 1986இல் ஓல்சன் குழு ஒரு கருதுகோளை வைத்தது: மீன் கொழுப்பு பிரசவத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறது, எடை அதனால் ஏறுகிறது.

மீன் எண்ணெய்க்கும் பிரசவ வலிக்கும் என்ன சம்பந்தம்? கருப்பை சுருங்குவதற்கும் கருப்பை வாய் இளகுவதற்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள் வேண்டும். உடல் அவற்றை அராகிடோனிக் அமிலம் என்ற ஒமேகா 6 கொழுப்பிலிருந்து தயாரிக்கிறது. மீனில் இருக்கும் ஒமேகா 3 கொழுப்புக்கும் அதே நொதிதான் வேண்டும். ஒரே அடுப்பு, இரண்டு சமையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒமேகா 3 அடுப்பைப் பிடித்துக்கொண்டால் வலியைத் தூண்டும் சரக்கு குறைவாக வரும். அதற்குப் பதிலாக வருவதும் வீரியம் குறைந்தது. வலி ஆரம்பிக்கத் தாமதமாகிறது. அதோடு, நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்த ஓட்டமும் சற்று மேம்படலாம் என்று ஒரு கருத்து உண்டு.

சரி, சோதித்துப் பார்க்க வேண்டாமா? டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில், கர்ப்பத்தின் 30ஆவது வாரத்தில் இருந்த 533 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலருக்கு மீன் எண்ணெய், சிலருக்கு ஆலிவ் எண்ணெய், மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. 1992இல் முடிவு வெளியானது. ஆலிவ் எண்ணெய்க் குழுவைவிட மீன் எண்ணெய்க் குழுவின் கர்ப்பகாலம் சராசரியாக 4 நாள் நீண்டது. குழந்தைகளின் எடை 107 கிராம் கூடியது. எனக்கு இதில் பிடித்தது அந்தக் கணக்கு. கடைசி வாரங்களில் குழந்தை நாளுக்கு ஏறக்குறைய 25, 30 கிராம் ஏறும். நான்கு நாளுக்குப் பெருக்கினால் 100 அல்லது 120. எடை எங்கிருந்து வந்தது என்று வேறெங்கும் தேடவே வேண்டாம்.

ஆனால் கதை இத்தனை சுலபமாக முடியவில்லை. ஃபாரோ மக்கள் திமிங்கிலக் கறியும் சாப்பிடுவார்கள், அதில் பாதரசம் அதிகம். பின்னாளில் அங்கேயே பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தை ஆராய்ந்தபோது, ஒரு வகை ஒமேகா 3 கூடியிருந்த இடத்தில் கர்ப்பகாலம் நீண்டிருந்தது. இன்னொரு வகை கூடியிருந்த இடத்தில், அத்தனை நாளுக்கு இருக்க வேண்டிய எடையைவிடக் குழந்தையின் எடை குறைந்திருந்தது. 1998இல் அங்கத்திய மருத்துவத் துறையே கர்ப்பிணிகளையும் பாலூட்டும் பெண்களையும் திமிங்கிலக் கறியைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 2018இல் கர்ப்பகால ஒமேகா 3 பற்றிய 70 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. ஒமேகா 3 எடுத்தவர்களிடம் 34 வாரத்துக்கு முன்பே நடக்கும் பிரசவங்கள் 4.6 சதவீதத்திலிருந்து 2.7 ஆகக் குறைந்திருந்தன. 42 வாரத்தைத் தாண்டும் பிரசவங்கள் சற்றுக் கூடியிருந்தன. அடுத்த ஆண்டே, ஆஸ்திரேலியாவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களில் நடந்த பெரிய பரிசோதனையில், 34 வாரத்துக்கு முந்தைய பிரசவங்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை! இந்த முரண்பாட்டுக்கு எனக்குப் பொருத்தமாகப் படும் விடை ஆர்ஹுஸ் பரிசோதனையிலேயே இருக்கிறது: மீன் குறைவாகச் சாப்பிட்டவர்களிடம்தான் பலன் அதிகம் தெரிந்தது. ரத்தத்தில் ஏற்கெனவே போதிய ஒமேகா 3 இருப்பவருக்கு இன்னும் ஊற்றி என்ன ஆகப்போகிறது?

நம் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு கொடுப்பார்கள். அது பிரசவத்துக்கு அப்புறம். கர்ப்பகாலத்தில் பெரிய சுறாவைத் தவிர்க்கச் சொல்கிறார்கள், காரணம் அதே பாதரசம். ஆயுள் குறைந்த சின்ன மீன்களில் அந்தத் தொல்லை குறைவு. வஞ்சிரத்துக்குக் கிடைக்கும் மரியாதை சந்தையில் சாளைக்குக் கிடைப்பதில்லை. ஒமேகா 3 நிறைய இருப்பதும் விலை மலிவாகக் கிடைப்பதும் அந்தச் சாளைதான்.